மாடி வீட்டின் கால்தடம்

எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு நேர் மேலே, மாடிச் சுவரில், ஏசியின் வெளிப்பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். அது ஓடத் தொடங்கினால் என் சுவரில் தொங்கும் கரண்டிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசிச் சத்தம் போடும். ஒரு சின்னக் குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக எங்கள் பின்பக்கம் விழும். வீணாகப் போகிறதே என்று கீழே ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வைத்தேன். அந்தத் தண்ணீரில்தான் வீடு துடைப்பேன். மாடியில் எத்தனை மணி நேரம் குளிர்ந்தது என்பதை அந்தப் பக்கெட் எனக்குத் தினமும் சொல்லிவிடும்.

மாடியில் இருந்தது என் கணவரின் அண்ணன் குடும்பம். மாமனார் கட்டிய வீடு. அவர் காலத்துக்குப் பிறகு மாடி மூத்தவருக்கு, கீழ்வீடு எங்களுக்கு என்று ஆனது. அடுப்பு தனி, ரேஷன் கார்டு தனி, மாடிப்படிக்கு அடியில் கரண்ட் மீட்டரும், யூனிட்டை எழுதிவைக்கும் கார்டும் தனித்தனி. தெருக்கதவு மட்டும் ஒன்று. அண்ணனுக்கு நெய்வேலிப் பக்கம் சுரங்கத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து காரில் வருவார். என் கணவர் விருத்தாசலத்திலேயே சின்னதாகப் பீங்கான் பட்டறை வைத்திருந்தார். வீட்டில் ஃப்யூஸ் போட வெள்ளையாக ஒரு கட்டை இருக்குமே, அதுதான் அவருடைய சரக்கு.

ஓரகத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் கஷ்டம். சென்னைக்குப் போனால் எனக்கும் சேர்த்துச் செருப்பு வாங்கி வருவார், தன் கால் அளவுக்கு. அவர் கால் சின்னது, அஞ்சாம் நம்பர். மெட்டி போட்ட அந்தப் பாதத்தைப் பார்த்து உறவுக்காரர்கள் லட்சுமி கால் என்பார்கள். என்னுடையது ஏழு. குதிகால் வெளியே நிற்கும்.

“அடடா, பத்தலையா? உனக்கு ஆம்பள காலும்மா” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். கீழே வந்து அந்தச் செருப்பைப் பரணில் போடுவேன். மூன்று ஜோடி சேர்ந்திருந்தன.

செருப்பையும் காரையும் ஏசியையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் மகள் மாடி ஏறிப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது என்று நினைவு. அவள் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். அக்காவின் மகனும் அதே வகுப்பு, அதே செக்‌ஷன். கோடை விடுமுறை விட்டதும் மதியம் சாப்பிட்ட கையோடு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிவிடுவாள். “நம்ம வூட்ல படுத்தா தலையணை நனையுதும்மா” என்பாள். முதலில் மதியத் தூக்கம் மட்டும். பிறகு இரவும் அங்கேதான் என்று ஆயிற்று. காலையில் இறங்கி வரும்போது அவள் மேல் வேறு வீட்டு சோப்பு வாசனை அடிக்கும். அக்கா குளிக்க வைத்து, பவுடர் போட்டு, இரட்டை ஜடை பின்னி அனுப்பியிருப்பார். எனக்கு மிச்சம் இருந்தது இட்லி ஊட்டுவது மட்டும். அதையும் சில நாள், “பெரியம்மா பூரி குடுத்தாங்க” என்று சொல்லித் தள்ளிவிடுவாள்.

ஒருநாள் சாப்பாடு போடும்போது கணவரிடம் கேட்டேன்.

“நாமளும் ஒரு ஏசி வாங்கலாமாங்க? தவணையில தராங்களாம்.”

“சூளை வாசல்ல நின்னுட்டு வர்றவனுக்கு இந்த ஃபேன் காத்தே ஊட்டிதான்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “மேல இருக்குதில்ல, பாப்பா அங்க தூங்கட்டுமே. அண்ணிக்கும் அவமேல ஆசைதான” என்றார்.

அந்த ஆசைதான் என் வயிற்றில் எரிந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பெற்றவளுக்குப் பிள்ளையைத் தூங்கவைக்கத் தெரியவில்லையா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். குழந்தை குளிர்ச்சியாகத் தூங்குவது நல்லதுதானே, இதில் உனக்கென்ன என்றும் கேட்டுக்கொள்வேன். இரண்டு கேள்வியும் மாறி மாறி வரும். இடையில் பக்கெட் நிரம்பிவிடும்.

பள்ளியில் கொடுத்த விடுமுறை வேலைகளில் ஒன்று இப்படி இருந்தது: உங்கள் வீட்டின் கார்பன் கால்தடம் எவ்வளவு என்று இணையத்தில் கணக்கிட்டு, சார்ட் வரைந்து வரவும். ஒரு வீடு விடும் கரிப்புகையின் கணக்கைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். டைரியில் ஒட்டிய தாளில் இணையதள முகவரியும் அச்சாகியிருந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டுக்காரர்கள் என்பதால் சேர்ந்து ஒரே சார்ட்டாகச் செய்யலாம் என்று மிஸ் சொல்லிவிட்டாராம்.

கம்ப்யூட்டரும் மாடியில்தான் இருந்தது. பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நான் போனபோது அக்கா இரண்டு வீட்டுக் கரண்ட் கார்டையும் எடுத்து மேஜைமேல் தயாராக வைத்திருந்தார்.

“நீதாம்மா பி.எஸ்சி. கணக்கு படிச்சவ. நான் பிளஸ் டூவோட சரி. நீ போட்டா சரியா இருக்கும்” என்று நாற்காலியை எனக்கு விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவரிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது அந்தப் பட்டம்தான். அவர் அதைச் சொன்னதும் எனக்கு ஒரு நிமிர்வு வந்தது உண்மை.

மாடி வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். ஆங்கிலத்தில் கேள்விகள் வரும், நான் தமிழில் சொல்வேன், அவர்கள் பதில் சொல்வார்கள். நாடு எது, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு, வீட்டைச் சூடாக்க வருஷத்துக்கு எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்று கேட்டது.

“வூட்டை சூடு பண்றதா? எவன் அவன்? நம்ம மொட்டைமாடில வந்து ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு” என்றார் அக்கா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அப்பா பட்டறைல சூடு பண்றாரே?” என்றாள் என் மகள்.

“அது தொழில்மா. வூட்டு கணக்குல வராது” என்று சொல்லிப் பூஜ்யம் போட்டேன்.

அடுத்து, மாதத்துக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்று கேட்டது. கார்டில் கடைசி வரியைப் பார்த்தேன். 620. அதை அப்படியே தட்டினேன். கேஸ் சிலிண்டர், கார், பெட்ரோல் என்று எல்லாம் முடித்து, எங்கள் வீட்டுக்கு வந்தோம். எங்கள் கார்டில் 210 என்று இருந்தது. இரண்டைத் தட்டும்போதுதான் உறைத்தது. ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே வருகிறார்? கார்டில் இருப்பது இரண்டு மாதக் கணக்கு. பக்கத்தில் கிடந்த ரஃப் நோட்டில் இரண்டால் வகுத்து, 105 என்று எழுதி, அதைப் போட்டேன்.

மாடி வீட்டு எண்ணும் அந்த நொடியே நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் 310 என்று மாற்றினால் முடிந்தது. திரும்பிப் போனால் போட்டதெல்லாம் அழிந்துவிடுமோ என்று நினைத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்றுகூட நினைத்தேன். அன்றைக்குச் சமையல் முடிந்து பாத்திரம்கூடக் கழுவியாகிவிட்டது. கட்டிலில் என் மகள் அக்காவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். அக்கா அவள் ஜடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வண்டி என்ன என்று கேட்டதற்கு, மொபெட் என்று போட்டேன்.

முடிவு வந்தது. மாடி வீட்டுக்கு வருஷத்துக்கு ஏழரை டன் புகை. எங்களுக்கு ஒன்றரை. அங்கேயும் மூன்று பேர், இங்கேயும் மூன்று பேர்.

“ஏழரையா? சனி புடிச்ச மாதிரியே வருதே” என்று அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “நெஜமாவா? எங்க வூடு அஞ்சு மடங்கா?”

“ஏசி இருக்குதில்லக்கா” என்றேன்.

பிள்ளைகள் சார்ட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கால்தடம் என்பதால் கால்தான் வரைய வேண்டும் என்பது என் மகளின் யோசனை. பெரியப்பா வேலைக்குக் கிளம்புவதற்குள் அவரைச் சார்ட்டின் மேல் நிற்கவைத்து, அவர் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார்கள். அது மாடி வீட்டுக்கு. எங்கள் வீட்டுக்கு அவள் தன்னுடைய காலையே வைத்து வரைந்தாள். இரண்டையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் நிரப்பினார்கள். அருகருகே பார்க்க, யானையும் பூனையும் நடந்து போன மாதிரி இருந்தது.

மகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மிஸ் சொல்வது வேதவாக்கு.

“பெரியம்மா, இப்படி புகை விட்டா பூமிக்கு ஜுரம் வந்துடுமாம். நான் இனிமே கீழயே படுத்துக்கறேன்” என்று தலையணையை எடுத்துக்கொண்டாள்.

அக்கா எழுந்தார். ரிமோட்டைத் தேடி எடுத்து ஏசியை நிறுத்தினார். “புள்ளைங்களே சொல்லும்போது நாம கேக்காம இருந்தா எப்படி? வேணாம், இனிமே போடல” என்றார்.

நான் படியிறங்கும்போது மகள் எனக்கு முன்னால் இறங்கினாள். நான் எதையோ ஜெயித்துவிட்டதாக அப்போது தோன்றியது.

அன்றிலிருந்து பக்கெட் காய்ந்து கிடந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்துத் தரை முழுக்கத் துடைத்து, ஈரம் காய்வதற்குள் ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரிப்பேன். ஜன்னலில் நனைத்த துண்டைத் தொங்கவிடுவேன். மகள் தூங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து விசிறுவேன். அவள் கழுத்தில் வேர்வை கோடாக ஓடும். ஆனாலும் என் வீட்டு சோப்பின் வாசனை அடிக்கும். கரண்ட் போகும் நேரங்களில் அவள் எழுந்து உட்கார்ந்து மேலே பார்ப்பாள். “பூமிக்கு ஜுரம் குறையுதாம்மா?” என்பாள். “குறையுது, படு” என்பேன்.

மேலே அண்ணன் சத்தம் போடுவது சில நாள் கேட்கும். “அங்க சுரங்கத்துல வேகறது பத்தாதுன்னு இங்க வந்தும் வேகணுமா?” அக்கா, “சத்தம் போடாதீங்க, பசங்ககிட்ட சொல்லிட்டேன்” என்பார். சொன்னால் சொன்னதுதான், அவர் அப்படிப்பட்டவர்.

இரண்டு வாரம் கழித்து அவர் மகனுக்கு நெற்றியிலும் கழுத்திலும் வேனல்கட்டி கிளம்பியது. ஒன்று உடைந்தால் பக்கத்தில் இன்னொன்று. அக்கா நுங்கு வாங்கித் தடவினார், சந்தனம் பூசினார். ஒருநாள் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது கேட்டார், “எட்டு நாளா தூங்கலம்மா அவன். திரும்பிப் படுத்தா வலிக்குதுன்றான். பாப்பா எப்படி தூங்கறா?”

“நல்லா தூங்கறாக்கா” என்றேன்.

அன்று மாலை இரண்டு முறை படியேறினேன். பாதி ஏறி, என்ன சொல்வது என்று தெரியாமல் இறங்கிவிட்டேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். ஆனால் தெரிந்தது. தெரிந்தது என்று சொன்னால், ஏன் என்று கேட்பார். அதற்கான பதில், என் மகள் அவர் மடியில் படுத்திருந்ததுதான். அதை எந்த வாயால் சொல்வது? இப்போதே பாதி விடுமுறை போய்விட்டது, பள்ளி திறந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பையனுக்கு என்று நாலு நுங்கு வாங்கி மகளிடம் கொடுத்தனுப்பினேன். அது மனசை இன்னும் கெடுத்தது.

பள்ளி திறக்க நாலு நாள் இருக்கும்போது ரீடிங் எடுப்பவர் வந்தார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்து மீட்டரைப் பார்த்தார். மகள் இரண்டு கார்டையும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தேன்.

“மாடில ஊருக்கு போயிட்டாங்களா? கோடையில ஏறும்னு பாத்தா எறங்கியிருக்குது. போன வாட்டி அறுநூத்தி இருவது. இந்த ரெண்டு மாசத்துக்கு நானூறுகூட வரல” என்றார்.

“ரெண்டு மாசத்துக்கா அங்கிள்?”

“ஆமா பாப்பா. மாசாமாசம் வந்தா என் செருப்பு தேஞ்சிடாதா?”

அவர் எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். மகள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதிகளை விரல் விட்டு எண்ணினாள்.

“அம்மா, அப்ப அந்த அறுநூத்தி இருவதும் ரெண்டு மாசத்துக்குத்தான?”

“ஆமா.”

“நம்ம வூட்டுக்கு பாதி போட்டியே. ரஃப் நோட்டுல வகுத்து போட்டே, நான் பாத்தேன். பெரியம்மா வூட்டுக்கு ஏன் போடல?”

“மறந்துட்டேன்டா.”

“நமக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்துச்சு?”

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. கணக்கில் ஒரு வரி புரியாதபோது அவள் அப்படித்தான் கேட்பாள். என் கையில் டப்பா இருந்தது. அதைத் திறந்து மூடினேன்.

“வா, மேல போவலாம்” என்றேன்.

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். வேர்த்து, ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது.

“அக்கா, அந்தக் கணக்குல ஒரு தப்பு நடந்து போச்சு. கார்டுல இருக்கறது ரெண்டு மாச யூனிட்டு. நான் ஒரு மாசம்னு போட்டுட்டேன்.”

“அட, அதுக்கென்ன. ரெண்டு வூட்டுக்கும் அப்படித்தான போட்ட?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள். “இல்ல பெரியம்மா. எங்க வூட்டுக்கு அம்மா பாதி போட்டாங்க.”

அரிவாள்மணையில் மாங்காய் பாதி வெட்டியபடி நின்றது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தவறிப்போய்விட்டது என்று ஏதோ முணுமுணுத்தேன். அதற்கு மேல் அன்றைக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

“நீதான் படிச்சவ” என்றார். அதே வார்த்தைதான். இந்த முறை எனக்கு நிமிர்வு வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். “வா, திருப்பி போடு. இந்த வாட்டி நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

ஸ்டூலை இழுத்து என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு கேள்விக்கும், “இதுல என்ன கேக்குது?” என்று விரலால் திரையைத் தொட்டார். மாடி வீட்டுக்கு 310 போட்டேன். ஏழரை, நாலரையாக இறங்கியது. பிறகு எங்கள் வீடு.

“இது என்ன?”

“வண்டிக்கா. மொபெட்.”

“உங்க லோடு ஆட்டோ?”

“அது பட்டறைக்குக்கா. தொழில் வண்டி.”

“தெனம் நிக்கறது நம்ம வாசல்ல. போன மாசம் பெண்ணாடம் கல்யாணத்துக்கு குடும்பத்தோட அதுலதான போயிட்டு வந்தீங்க? தொழில் வண்டின்னா அது விடுற புகை எந்த கணக்குல போவுமாம்?”

அவர் மகன் கழுத்தில் சந்தனத்தோடு குலுங்கிச் சிரித்தான். என் மகளும் சிரித்தாள். நான் டீசல் கணக்கைப் போட்டேன். ஒன்றரை, மூன்றரையாக ஏறியது.

அக்கா இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். “நாலரை, மூணரை. இந்த ஒரு டன்னுக்காம்மா எம்புள்ள இத்தினி நாளா புண்ணோட கெடந்தான்?” என்றார், கோபமில்லாமல். அது கோபமாகவே இருந்திருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேஜை டிராயரிலிருந்து அவர் ரிமோட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு மாதம் ஓடாத பெட்டி இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பிள்ளைகள் புதுச் சார்ட் விரித்தார்கள். பெரியப்பாவின் கால் நாலரைக்குப் பொருந்தாது, என் மகளின் கால் மூன்றரைக்குக் காணாது. இருவரும் எங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்கள்.

“அம்மா கால் பெருசு. அது பெரியம்மா வூட்டுக்கு” என்றாள் மகள். “பெரியம்மா கால் சின்னது. அது எங்க வூட்டுக்கு.”

நானும் அக்காவும் சார்ட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பென்சில் விரல் இடுக்கில் நுழையும்போது கூசியது. அக்கா விழாமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். பென்சில் கோட்டின் மேல் மகள் கறுப்புப் பேனாவால் ஒருமுறை சுற்றினாள். நாங்கள் கால் எடுத்ததும் மேலே மாடி வீடு என்று எழுதி அதன் கீழே என் பாதத்தைக் கறுப்பாக்கினாள். பக்கத்தில் கீழ்வீடு. அதன் கீழே அக்காவின் சின்னப் பாதம், மெட்டி விரல் உட்பட.

“பாரு, எத்தினி வருஷமா என் செருப்பு உனக்கு சேரல. இப்ப உன் காலு என் வூட்டுக்கு சேந்துடுச்சு” என்றார் அக்கா. சிரிக்க முயன்றேன்.

அறை குளிர்ந்துவிட்டது. மகள் என்னைப் பார்த்தாள்.

“அம்மா, தப்பு சரி பண்ணிட்டோம்ல. நான் இங்க படுத்துக்கட்டா?”

“பெரியம்மாவ கேளு.”

“என்ன கேக்கறது இதுல?” என்றார் அக்கா. பிறகு என்னிடம், “நீயும் படேன்மா. மூணு பேருக்கு ஓடறது நாலு பேருக்கு ஓடட்டுமே” என்றார்.

வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கினேன். வேலை ஒன்றும் இல்லை. அடுப்படியில் கரண்டிகள் உரசிக்கொண்டிருந்தன. பின்பக்கம் போய்ப் பக்கெட்டைத் துடைத்துக் குழாய்க்கு நேராக வைத்தேன். அடி நனையக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் குதிகால் ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவின் மை பட்டிருந்தது. அந்தத் தண்ணீரையே கையில் அள்ளித் தேய்த்தேன். மேலே என் மகள் ஏதோ சொல்ல, அக்கா சிரிப்பது கேட்டது. என்ன சொன்னாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெட்டியின் இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை.